காற்றைக் கற்றவர்

நுழையும்முன்

வானில் பறப்பது ஒரு காலத்தில் மனிதகுலத்தின் கனவு. இன்று அது மாணவர் கைக்குள் அடங்கும் கருவி. பள்ளிப் பையில் வைத்து எடுத்துச் செல்லத்தக்க ட்ரோன்கள் கடைகளில் கிடைக்கின்றன. கருவியை வாங்குதல் எளிது. காற்றில் அதனை ஆளுதல் பயின்று அடைய வேண்டிய திறன். அத்திறனைக் கற்பிக்க ஆசிரியர் எவரும் இல்லாத காலத்தில், ஒரு பட்டத்திலிருந்து தொடங்கித் தாமே கற்று, பின்னர் உலகுக்கும் கற்பித்தவர் ஒருவர். அவரது வாழ்க்கையே இப்பாடம்.

காற்றின் வாயில்

நாஞ்சில் நாட்டின் கிழக்கு வாயில் ஆரல்வாய்மொழி. மேற்குத் தொடர்ச்சி மலை சற்றே இடைவெளி விடும் அக்கணவாயின் வழியே ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று சீறிப் பாய்கிறது. அக்காற்றை நம்பியே முப்பந்தலைச் சுற்றி வரிசை வரிசையாகக் காற்றாலைகள் எழுந்தன. இந்தியாவின் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் அதுவும் ஒன்று. தோவாளையிலும் அகத்தீசுவரத்திலும் வாழும் சிறுவர்க்குக் காற்று புதிதன்று. பனையோலையை மடித்து, முள்ளில் குத்தி, வரப்பின்மேல் ஓடிச் சுழலவிட்ட நாள் முதலே அவர்கள் அதனோடு பழகியவர்கள்.

அச்சிறுவருள் ஒருவர் வளர்ந்து முதன்முதலாக ஒரு ட்ரோனை வாங்க விரும்புகிறார் என்று கொள்வோம். அது எவ்வளவு உயரம் செல்லும், எவ்வளவு தொலைவு செல்லும், எத்தகைய படம் எடுக்கும் என்பனவே அவர் மனத்தில் முதலில் எழும் வினாக்கள். ஆனால், ஆடிக் காற்று கேட்கும் வினா வேறு. தள்ளும்போது நிலைகுலையாமல் நிற்க முடியுமா என்பதே அது. காற்றின் இந்த வினாவை முதலில் கேட்டு, ஏனைய வினாக்களைப் பின்னுக்குத் தள்ளியவர் வில்பர் ரைட். அவர் தம் பயிற்சிக்குத் தேர்ந்த இடமும் ஆரல்வாய்மொழியைப் போலக் காற்று ஓயாத இடமே.

உள்ளங்கையில் ஒரு பொம்மை

வில்பர் ரைட் 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மில்வில் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணை வீட்டில் பிறந்தார். தந்தை மில்டன் ரைட் கிறித்தவத் திருச்சபை ஒன்றில் ஊழியம் செய்து பேராயராக உயர்ந்தவர். தாய் சூசன் வீட்டுக்கு வேண்டிய சிறு கருவிகளையும் பிள்ளைகளுக்கு வேண்டிய விளையாட்டுப் பொருள்களையும் தம் கையாலேயே செய்யும் திறம் படைத்தவர். வில்பருக்கு நான்கு ஆண்டுகள் இளையவர் ஆர்வில். தந்தையிடமிருந்து நூலறிவையும் தாயிடமிருந்து கைத்திறனையும் இருவரும் பெற்றனர்.

1878ஆம் ஆண்டு, பயணத்திலிருந்து திரும்பிய தந்தை பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை கொண்டுவந்தார். மூங்கில், தக்கை, தாள் ஆகியவற்றால் ஆன அப்பொம்மையில் ரப்பர் வளையம் ஒன்று முறுக்கப்பட்டிருந்தது. கையை விட்டதும் முறுக்கு அவிழ, அதன் விசிறிகள் சுழன்று பொம்மையை மேலே தூக்கின. பிரான்சு நாட்டின் அல்போன்சு பெனோ வடிவமைத்த பொம்மையை ஒட்டியது அது. மேல்நோக்கிச் சுழலும் விசிறிகளால் எழும் இன்றைய ட்ரோன்களுக்கு அதனை ஒரு முன்னோடி எனலாம்.

பொம்மை உடைந்துபோயிற்று, ஆர்வம் உடையவில்லை. சகோதரர்கள் அதைப்போலவே வேறு பொம்மைகளைச் செய்தனர். சிறியவை பறந்தன, பெரிதாகச் செய்தவை பறக்க மறுத்தன. காரணம் அப்போது அவர்களுக்கு விளங்கவில்லை. ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் இரட்டித்தால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகிறது. எடையோ எட்டு மடங்காகிறது. சிறியதில் வெற்றி கண்டது பெரியதிலும் வெற்றி காணும் என்று கொள்ளுதல் பிழை என்பதை அப்பொம்மைகள் பதினொரு வயதுச் சிறுவருக்கு உணர்த்தின.

இருள் சூழ்ந்த ஆண்டுகள்

பள்ளியில் வில்பர் சிறந்து விளங்கினார். யேல் பல்கலைக்கழகத்துக்கு அவரை அனுப்பலாம் என்று குடும்பத்தார் எண்ணியிருந்தனர். 1885ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில், உறைந்த பனியின்மேல் மட்டைகொண்டு ஆடும் ஆட்டத்தின்போது வீசப்பட்ட மட்டை ஒன்று அவர் முகத்தைத் தாக்கியது. முன்பற்களை இழந்தார். காயம் ஆறிய பின்னும் மனம் தேறவில்லை. மேற்படிப்பு கைவிடப்பட்டது.

அவ்வேளையில் தாயைக் காசநோய் பற்றியிருந்தது. வெளியுலகை விட்டு விலகியிருந்த வில்பர், தாயின் படுக்கையருகே இருந்து பணிவிடை செய்தார். எஞ்சிய பொழுதில் தந்தையின் நூலகத்தில் மூழ்கினார். 1889ஆம் ஆண்டு தாய் மறைந்தார். பட்டமும் பணியும் பெறாமல் கழிந்த அவ்வாண்டுகள் வீணானவை என்றே அயலார்க்குத் தோன்றியிருக்கும். ஆயினும், ஒன்றைப் பற்றி நெடுநேரம் தனித்துச் சிந்திக்கும் பழக்கம் அந்நாள்களில்தான் அவரிடம் வேரூன்றியது.

பின்னர்த் தம்பியுடன் சேர்ந்து டேட்டன் நகரில் அச்சகம் நடத்தினார். 1892இல் இருவரும் மிதிவண்டிக் கடை திறந்தனர். சில ஆண்டுகளில் தம் பெயரிலேயே மிதிவண்டிகளைச் செய்து விற்கவும் தொடங்கினர். அக்கடையின் வருவாயே பிற்காலத்தில் அவர்களுடைய ஆய்வுகளுக்கு முதலாயிற்று. மிதிவண்டி மற்றோர் உண்மையையும் கற்பித்தது. நிற்கும்போது சாய்ந்து விழுவது மிதிவண்டியின் இயல்பு. ஓட்டுபவர் நொடிதோறும் செய்யும் சிறு திருத்தங்களே அதனை நிமிர்த்தி வைக்கின்றன. சமநிலை என்பது பொருளிடம் மட்டும் இல்லை, பயின்றவர் கையிலும் உள்ளது என்பதே அவ்வுண்மை.

வினாவை மாற்றியவர்

1896ஆம் ஆண்டு ஆகத்து மாதம் செருமானியப் பொறியாளர் ஓட்டோ லிலியந்தால் கிளைடர் எனப்படும் பொறியில்லா வானூர்தியிலிருந்து விழுந்து உயிரிழந்தார். அச்செய்தி வில்பரின் உள்ளத்தில் உறங்கிக்கிடந்த ஆர்வத்தை எழுப்பியது. 1899ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பறத்தல் தொடர்பாக வெளிவந்துள்ள நூல்களையும் கட்டுரைகளையும் பற்றிய விவரம் வேண்டி, வாசிங்டனில் உள்ள சுமித்சோனியன் நிறுவனத்துக்கு மடல் எழுதினார். வந்து சேர்ந்த நூல்களைச் சில மாதங்களில் கற்றுத் தேர்ந்தார்.

அக்காலத்து ஆய்வாளருள் பலர் ஆற்றல்மிக்க பொறியைச் செய்வதிலேயே கருத்தைச் செலுத்தினர். பொறி கிடைத்தால் பறந்துவிடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. வில்பர் மாறாக எண்ணினார். இறக்கை செய்யும் வழி ஓரளவு தெரிந்துவிட்டது. பொறியும் காலப்போக்கில் கிடைத்துவிடும். எழுந்தபின் காற்றில் சமநிலையைக் காப்பதே தீராத சிக்கல் என்று கண்டார். லிலியந்தால் ஏறத்தாழ இரண்டாயிரம் முறை பறந்தவர். எனினும், ஒவ்வொரு முறையும் சில நொடிகளே காற்றில் இருந்தமையால், அவர் பெற்ற பயிற்சி மொத்தத்தில் சில மணிநேரமே ஆகும். அவ்வளவு குறைந்த பயிற்சியோடு மிதிவண்டியில் நெரிசல்மிக்க தெருவைக் கடக்கவும் எவரும் துணியமாட்டார். ஆகவே, உயிருக்கு ஊறின்றி நெடுநேரம் பயில வழி காண்பதே முதற்பணி என்று வில்பர் முடிவு செய்தார்.

இரு கோல்களும் ஒரு பட்டமும்

பறவைகள் இறக்கை நுனிகளைத் திருப்பிச் சாய்வைச் சரிசெய்துகொள்வதை அவர் கூர்ந்து நோக்கியிருந்தார். அதனை மரத்திலும் துணியிலும் செய்வது எங்ஙனம் என்பது புலப்படவில்லை. ஒருநாள் கடையில், மிதிவண்டியின் உட்குழாய் வைத்திருந்த நீண்ட அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். பெட்டியின் ஒரு முனை ஒருபுறமும் மறுமுனை எதிர்ப்புறமும் முறுகின. இரண்டடுக்கு இறக்கையையும் இவ்வாறே முறுக்கலாம் என்னும் எண்ணம் அப்போது பிறந்தது.

உடனே ஆளைச் சுமக்கும் ஊர்தி செய்ய அவர் முனையவில்லை. 1899ஆம் ஆண்டின் கோடையில் ஐந்தடி அகலமுள்ள ஈரடுக்குப் பட்டம் ஒன்றைச் செய்தார். அதிலிருந்து நான்கு கயிறுகள் இறங்கின. அவற்றின் முனைகள் இரண்டு கோல்களில் கட்டப்பட்டன. கைக்கு ஒரு கோலாகப் பற்றிக்கொண்டு தரையில் நின்றவாறே பட்டத்தின் இறக்கைகளை முறுக்கி, அதனை வேண்டியவாறு சாய்த்தும் நிமிர்த்தும் பார்த்தார். வேடிக்கை பார்த்த சிறுவர்கள், பட்டம் திடீரெனத் தாழ்ந்து பாய்ந்தபோது தரையில் விழுந்து தப்பினர். ஆளில்லாத ஊர்தி மேலே. அதனை ஆளும் இரு கோல்கள் கீழே. இன்றைய ட்ரோன் பழகுநரின் கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியிலும் இரண்டு கோல்களே இருக்கின்றன.

காற்றைத் தேடி

பெரிய கிளைடரைச் சோதிக்க, ஓயாது வீசும் காற்றும் விழுந்தால் அடிபடாத மென்மணலும் வேண்டியிருந்தன. வில்பர் வானிலைத் துறையிடமிருந்து காற்றின் வேகக் குறிப்புகளைப் பெற்று ஆராய்ந்து, வட கரோலினா மாநிலக் கடற்கரையில் உள்ள கிட்டி ஹாக் என்னும் சிற்றூரைத் தேர்ந்தார். 1900ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்குச் சென்று சேர்ந்தார். தேவையற்ற இடர்களில் இறங்குவதில்லை என்று தந்தைக்கு எழுதி உறுதி கூறினார்.

அச்சொல்லை அவர் காத்தார். அவ்வாண்டுச் சோதனைகளில் பெரும்பாலானவற்றில் கிளைடர் ஆளின்றியே பட்டம்போலக் கயிற்றில் பறந்தது. ஆளின் எடைக்கு ஈடாகச் சங்கிலிகளைச் சுமத்தினர். கயிறுகளை இழுத்து அதன் இயக்கத்தைத் தரையிலிருந்தே அறிந்தனர். வில்பர் தாமே ஏறி மணற்சரிவில் மிதந்த நேரம் அந்தப் பயணம் முழுவதிலும் ஏறத்தாழ இரண்டு நிமிடங்களே. ஆண்டு முழுவதும் உழைத்து இரண்டு நிமிடப் பறத்தலைப் பெற்றவர் மனம் சலிக்கவில்லை; ஊர்தி தம் கட்டுக்குள் நின்றது என்பதே அவருக்கு நிறைவளித்தது.

கணக்குப் பொய்த்தபோது

1901இல் இன்னும் பெரிய கிளைடருடன் அதே கடற்கரைக்குச் சென்றனர். இம்முறை தோல்வியே காத்திருந்தது. கிளைடரை மேலே தூக்கும் விசை, கணக்கிட்டதில் மூன்றில் ஒரு பங்களவே கிடைத்தது. இறக்கையை முறுக்கித் திருப்ப முயன்றால் ஊர்தி சிலவேளைகளில் எதிர்ப்புறம் திரும்பியது. கொசுக்கூட்டமும் மழையும் வாட்டின. ஊருக்குத் திரும்பும் வழியில், தம் வாழ்நாளில் மனிதன் பறக்கப்போவதில்லை என்று வில்பர் தம்பியிடம் மனம் நொந்து கூறினார்.

இந்த இடத்தில் பலர் முயற்சியைக் கைவிடுவர். வேறு சிலர் கருவியை இன்னும் பெரிதாக்குவர். வில்பர் கணக்கையே ஐயுற்றார். லிலியந்தால் போன்ற பெரியோர் தந்த அட்டவணைகள் பிழையாக இருக்கக்கூடுமா என்று ஆராயத் துணிந்தார். கடையின் மாடியில் ஆறடி நீளமுள்ள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, ஒரு முனையில் விசிறியை அமைத்தனர். அதுவே அவர்களது காற்றுச் சுரங்கம். இரும்பறுக்கும் வாளின் அலகையும் மிதிவண்டி ஆரக்கம்பியையும் கொண்டு அளவைக் கருவிகள் செய்தனர். ஏறத்தாழ இருநூறு வகை இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். அறிஞர் உலகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நம்பிக் கையாண்ட காற்றழுத்த எண் ஒன்று பிழையானது என்பது தெளிவாயிற்று.

புதிய அளவுகளைக் கொண்டு செய்த 1902ஆம் ஆண்டுக் கிளைடர் எதிர்பார்த்தவாறே பறந்தது. எதிர்ப்புறம் திரும்பும் குறையைத் தீர்க்க, அசையும் பின்சுக்கான் வேண்டும் என்று ஆர்வில் கண்டார். அதனை இறக்கையின் முறுக்குக் கயிற்றோடு இணைக்கலாம் என்று வில்பர் கூறினார். பக்கச் சாய்வு, மேல்கீழ்ச் சாய்வு, இடவலத் திருப்பம் ஆகிய மூவகை அசைவும் ஒருவர் ஆளுகைக்குள் வந்தன. அந்த இரு மாதங்களில் எழுநூறு முதல் ஆயிரம் முறை வரை அவர்கள் மிதந்து பழகினர். பொறியைப் பொருத்தும் முன்பே இருவரும் தேர்ந்த வானோட்டிகளாகிவிட்டனர்.

ஐம்பத்தொன்பது நொடிகள்

1903ஆம் ஆண்டு, கடையின் பணியாளர் சார்லி டெய்லர் ஏறத்தாழ ஆறு வாரங்களில் பன்னிரண்டு குதிரைத்திறன் பொறியைச் செய்து தந்தார். உந்துவிசிறியைச் சுழலும் இறக்கையாகக் கருதி, அதனைச் சகோதரர்களே வடிவமைத்தனர்.

திசம்பர் 14ஆம் நாள் நாணயம் சுண்டியதில் முதல் வாய்ப்பு வில்பருக்குக் கிடைத்தது. எழும்போது மூக்கை மிகுதியாக உயர்த்திவிட்டார். மூன்றரை நொடிகளில் ஊர்தி மணலில் இறங்கிச் சேதமுற்றது. பல்லாண்டுகள் பயின்ற கையும் புதிய கருவியில் பிழை செய்யும் என்பதற்கு அது சான்று. பழுது நீக்கியபின், திசம்பர் 17ஆம் நாள், மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய கடுங்குளிர் காற்றை எதிர்த்து ஆர்வில் 12 நொடிகள் பறந்தார். அன்று நண்பகலில் நான்காம் முறையாக வில்பர் 59 நொடிகள் பறந்து, ஏறத்தாழ 260 மீட்டர் தொலைவைக் கடந்தார். பார்த்துநின்றவர் ஐவரே. சிறிது நேரத்தில் வீசிய பெருங்காற்று, தரையில் நின்ற ஊர்தியைப் புரட்டி நொறுக்கியது. பறக்கும்போது வென்றவர்களைக் கட்டாமல் நிறுத்தியிருந்த வேளையில் காற்று வென்றது.

கற்பித்தலும் கசப்பும்

தொடர்ந்து டேட்டனை அடுத்த மேய்ச்சல் நிலத்தில் இருவரும் பயின்றனர். 1905ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் வில்பர் 39 நிமிடங்கள் இடைவிடாது வட்டமிட்டுப் பறந்தார். 1908ஆம் ஆண்டு ஆகத்து 8ஆம் நாள் பிரான்சின் லெ மான் நகரை அடுத்த குதிரைப் பந்தயத் திடலில் அவர் பறந்து காட்டியபோது, ஐயுற்றிருந்த ஐரோப்பா வியந்தது. மற்றவர்கள் எழும்ப முயன்றபோது அவர் சாய்ந்து திரும்பிக் காட்டினார். வேறுபாடு பொறியில் இல்லை, ஆளும் திறனில் இருந்தது என்பதைக் கண்டோர் உணர்ந்தனர். பிரான்சிலும் இத்தாலியிலும் மாணவர்களைப் பக்கத்தில் அமர்த்திப் பயிற்றுவித்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் ஆர்வில் ஓட்டிய ஊர்தி உடைந்து விழுந்தது. உடன் சென்ற தாமசு செல்பிரிட்சு என்னும் படை அலுவலர் இறந்தார், ஆர்வில் படுகாயமுற்றார். எத்துணைக் கவனம் இருப்பினும் வானம் பிழையைப் பொறுப்பதில்லை என்பதை அத்துயரம் உணர்த்தியது.

வில்பரின் இறுதி ஆண்டுகளை வானம் அல்ல, வழக்குமன்றமே எடுத்துக்கொண்டது. தம் கண்டுபிடிப்பின் உரிமையைக் காக்கத் தொடுத்த வழக்குகள் ஆய்வுக்கான காலத்தை விழுங்கின. நண்பர்கள் சிலரையும் பகைக்கச் செய்தன. அறிவைப் பெறுவதில் அத்துணைப் பொறுமை காட்டியவர் அதன் உரிமையைக் காப்பதில் தம்மையே வருத்திக்கொண்டார் என்பது அவர் வாழ்வின் துயரப் பகுதி. நச்சுக் காய்ச்சலால் 1912ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நாற்பத்தைந்தாம் அகவையில் அவர் மறைந்தார். நூல் வேண்டி மடல் எழுதிய நாளிலிருந்து சரியாகப் பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்குள் உலகம் பறக்கக் கற்றிருந்தது.

தெரிந்து தெளிவோம்

தமிழ் மண்ணும் இம்முயற்சியில் பின்தங்கவில்லை. சென்னையில் உணவு விடுதி நடத்திய டி ஏஞ்சலிசு என்பவர், 1910ஆம் ஆண்டிலேயே சிம்ப்சன் நிறுவனத்தின் பட்டறையில் உருவான வானூர்தியைப் பறக்கவிட்டார்.

இந்தியாவின் ட்ரோன் விதிகள் 2021, எடையை அடிப்படையாகக் கொண்டு ட்ரோன்களைப் பிரிக்கின்றன. 250 கிராம் வரை எடையுள்ளது நேனோ வகை. அதற்கு மேல் 2 கிலோகிராம் வரை மைக்ரோ வகை. பறக்கவிடும் இடம் எந்த மண்டலத்தைச் சார்ந்தது என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்து அறிதல் வேண்டும்.

நம் கையில் அவர் பாடம்

இன்றைய ட்ரோனில் வில்பர் பட்ட பாட்டின் பெரும்பகுதியை உணரிகள் ஏற்றுக்கொள்கின்றன. நான்கு விசிறிகளின் வேகத்தை நொடிக்குப் பலமுறை மாற்றி அவை சமநிலையைக் காக்கின்றன. எனினும், அவை காப்பதும் அவர் கண்ட அதே மூவகை அசைவுகளையே.

ஆகவே, முதல் ட்ரோனைத் தேர்பவர் வில்பரின் வரிசையைப் பின்பற்றலாம். முதலில் சிறியது, பிறகு பெரியது. விசிறிகளைச் சுற்றிக் காப்பு வளையம் உடையதும், உடைந்தால் உதிரிப்பாகம் கிடைப்பதும் தொடக்கத்துக்கு ஏற்றவை. விலையுயர்ந்த ஒளிப்படக் கருவி பின்னர் வரலாம். மணலோ புல்லோ படர்ந்த திறந்தவெளியில், காற்று அடங்கிய காலைப்பொழுதில், தலையளவு உயரத்திலேயே பழகுதல் நன்று. ட்ரோனின் முகம் நம்மை நோக்கித் திரும்பினால் இடமும் வலமும் மாறித் தோன்றும். எனவே அதன் பின்புறம் நம்மை நோக்கியிருக்கத் தொடங்க வேண்டும். முதலில் காற்றை எதிர்த்துச் செலுத்தினால், மின்கலம் தளரும் வேளையில் காற்றே வீடு சேர்க்கும். காற்றோடு போனதை மீட்பது அரிது. தரையில் அமைதியாக இருக்கும் காற்று, தென்னையின் உச்சியில் விரைந்து வீசக்கூடும்.

மின்கம்பி, காற்றாலை, திருவிழாக் கூட்டம் ஆகியவற்றின் அருகே பறக்கவிடலாகாது. சுசீந்திரம், தேரூர்க் குளங்களுக்கு வந்து தங்கும் பறவைகளின்மேல் பறக்கவிடுதலும் தகாது. பறத்தலைக் கற்பித்த முதல் ஆசிரியர்கள் பறவைகளே அல்லவா?

உயரே செல்லும் விருப்பம் எல்லோர்க்கும் உண்டு. தாழ்ந்து நின்று நெடுநாள் பயிலும் பொறுமை சிலர்க்கே வாய்க்கிறது. வில்பர் ரைட்டின் ஐம்பத்தொன்பது நொடிகளுக்குப் பின்னே நான்கு ஆண்டுப் பொறுமை நின்றது. ஆரல்வாய்மொழிக் காற்று அன்றும் இன்றும் ஒன்றே. அதன்முன் நிற்கும் கை பயின்ற கையாக இருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. பனையோலைக் காற்றாடி, பட்டம், ட்ரோன் ஆகியவை காற்றைப் பயன்படுத்தும் முறைகளை ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

2. ஒரே வடிவில் சிறிதும் பெரிதுமாக இரண்டு பட்டங்கள் செய்து பறக்கவிட்டு, நீங்கள் கண்ட வேறுபாடுகளைக் குறிப்பெழுதுக.

3. தோல்விக்குப்பின் கருவியை மாற்றாமல் கணக்கை ஐயுற்ற வில்பரின் செயல் குறித்து ஒரு பக்க அளவில் உம் கருத்தை எழுதுக.